பக்கத்து வீட்டுக் கதையை நாம் கேட்கவில்லை

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நாம் ஒரு புறக்கணிப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்காக யாரும் நம்மீது வழக்குப் போடவில்லை. போடாததாலேயே நாமாகச் சொல்லிவிடுவது நல்லது. முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஓயாமல் பேசியிருக்கிறோம். அந்த நேரமெல்லாம் அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கன்னடத் தொடர் என்ன கதை, அதில் யாருக்கு என்ன ஆயிற்று என்று நாம் விசாரிக்கவில்லை.

1993-இல் தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியது. கேபிள் கம்பி அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன், விவேக்நகர் என்று வீடு வீடாக வந்து சேர்ந்தபோது, நமக்குச் சொந்த ஊரே கூடத்துக்கு வந்துவிட்டதைப் போலிருந்தது. அதன்பின் ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று நம் மாலைகள் நிரம்பின. ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்துக்காக நம் வீட்டுப் பெரியவர்கள் கண்கலங்கினார்கள். அவர் மகள் சரோ அந்த மாமியார் வீட்டில் இன்னும் ஏன் இருக்கிறாள் என்று தண்ணீர்க் குழாயடியில் வாக்குவாதம் நடந்தது. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஓடியது. அந்த ஆறு ஆண்டும் அதன் நாயகி அபியின் ஒவ்வொரு முடிவும் நம் வீட்டு முடிவாகவே இருந்தது. கணவன் பாஸ்கரிடம் அவள் திரும்பிப் போகலாமா, தொல்காப்பியனின் நட்பு நட்பாகவே இருக்கட்டுமா, தம்பி தங்கைகளுக்காக அவள் இன்னும் எவ்வளவுதான் இழப்பாள் என்று அலுவலகப் பேருந்திலும் கோயில் பிராகாரத்திலும் பேசிக்கொண்டோம்.

இந்தப் பேச்சைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் வாழ்க்கையைப் பற்றி வாய்திறக்க முடியாத எத்தனையோ பெண்கள், சரோவின் பெயரால் தங்கள் நியாயத்தைச் சொல்லிக்கொண்டார்கள். அபி பாஸ்கரை விட்டு வந்தது சரிதான் என்று மாமியார் எதிரிலேயே ஒரு மருமகள் சொல்ல முடிந்தது சிறிய காரியமல்ல. ஒரு பாத்திரம் எடுத்த முடிவை ஆளாளுக்கு எடைபோடும்போது, எது நியாயம், எது பொறுக்கத் தகாதது என்று ஒரு சமூகம் தனக்குள் பேசிப் பழகுகிறது. இவ்வளவு மதிப்புள்ள அந்தப் பேச்சை நாம் நம் மொழிக்குள் மட்டுமே வைத்துக்கொண்டோம் என்பதுதான் வருத்தம்.

நமக்குப் பக்கத்திலேயே என்னென்ன நடந்தது என்று பார்ப்போம். 1998-இல் பெங்களூர் தூர்தர்ஷனில் ‘மாயாமிருக’ வந்தது. டி.என்.சீதாராம், பி.சேஷாத்ரி, நாகேந்திர ஷா ஆகியோர் சேர்ந்து இயக்கிய தொடர் அது. கர்நாடகத்து நடுத்தரக் குடும்பங்கள் அதைத் தங்கள் கதையாக ஏற்றுக்கொண்டன. சீதாராம் வழக்கறிஞராக இருந்தவர், நாடகக்காரர். பின்னர் ‘மன்வந்தர’, ‘முக்த’, ‘முக்த முக்த’, 2018-இல் ‘மகளு ஜானகி’ என்று தொடர்ந்து எடுத்தார். அவருடைய நீதிமன்றக் காட்சிகளில் அவரே வழக்கறிஞர் சி.எஸ்.பி.யாக வந்து வாதாடுவார். அந்தக் காட்சிகளுக்காகவே மாலையில் காத்திருந்த கன்னட வீடுகள் ஏராளம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தொடரைப் பார்க்கிறவர்களோடு நேரில் உட்கார்ந்து, பாத்திரங்களைப் பற்றியும் கதைப்போக்கைப் பற்றியும் பேசும் சம்வாதக் கூட்டங்களை அவர் நடத்தினார். கதாசிரியரைப் பார்த்து ‘அந்தப் பெண்ணை ஏன் அப்படிச் செய்ய வைத்தீர்கள்?’ என்று கேட்கும் மேடை பார்வையாளருக்குக் கிடைத்தது. குழாயடியிலும் பேருந்திலும் அதே கேள்வியை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த நாம், அந்த மேடை இருப்பதையே அறியாமலிருந்தோம்.

மாமியார் கொடுமைக் கதையென்றால் நமக்குத் தனி ஈடுபாடு. எஸ்.எல்.பைரப்பாவின் ‘கிருகபங்க’ நாவலை கிரீஷ் காசரவள்ளி தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். பொறுப்பற்ற கணவன், வசை ஓயாத மாமியார், ஊரையே வாரிக்கொண்டு போகும் பிளேக், இவற்றுக்கு நடுவில் பிள்ளைகளைக் காப்பாற்றப் போராடும் நஞ்சம்மா. சரோவுக்காக அழுதவர்கள் நஞ்சம்மாவுக்காகவும் அழுதிருப்பார்கள். அதோடு, ஒரு பெண்ணின் துயரத்தைக் கண்ணீரிலேயே விட்டுவிடாமல் அதன் காரணங்கள்வரை போய்ப் பார்க்கும் கதை எப்படியிருக்கும் என்றும் தெரிந்துகொண்டிருப்பார்கள். பைரப்பாவைத் தமிழில் படித்த வாசகர்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் எத்தனை பேர் காசரவள்ளியின் நஞ்சம்மாவைப் பார்த்தோம்?

நடிகர்கள் விஷயத்தில் நம் அசட்டை இன்னும் வெளிப்படையானது. பிரகாஷ் ராஜை 1994-இல் ‘டூயட்’ படத்தில் கே.பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதை நாம் பெருமையோடு சொல்வோம். அதற்கு முன்பே, துளு நாட்டுப் பின்னணியில் சதானந்த சுவர்ண இயக்கிய ‘குட்டத பூத’ என்ற தூர்தர்ஷன் தொடரில் அவரைக் கன்னடர்கள் பார்த்துவிட்டார்கள். ‘மர்மதேசம்’ ஒளிபரப்பான நாட்களில் அதன் ‘விடாது கருப்பு’ கதையைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசிய நாம், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்திய அந்த மலைப் பூதத்தைப் பற்றிக் கேட்டதில்லை. பாலசந்தரின் ‘அண்ணி’ தொடரில் மாளவிகாவை நாம் கொண்டாடினோம். அவர் ‘மாயாமிருக’விலும் நடித்தவர். ‘கயல்’ தொடரின் சைத்ரா ரெட்டியும், ‘சரவணன் மீனாட்சி’யின் ரச்சிதாவும் பெங்களூர்ப் பெண்கள். கன்னடத் தொடர்களில் நடித்துவிட்டுச் சென்னைக்குப் போனவர்கள். நம் ஊர்ப் பெண்கள் சென்னைக்குப் போய்த் தமிழ்த் திரையில் வந்த பிறகுதான் அவர்களை நாம் கவனித்தோம். இங்கே இருந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை.

‘மால்குடி டேஸ்’ தொடரையும் சொல்ல வேண்டும். 1980-களின் நடுவில் தூர்தர்ஷனில் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. சென்னையில் பிறந்த ஆர்.கே.நாராயணை நம்மவர் என்றோம். எல்.வைத்தியநாதனின் இசையை நம்முடையது என்றோம். சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயை மால்குடியாக்கி, சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத்தையும் அவன் அப்பாவாக கிரீஷ் கர்னாடையும் நடிக்க வைத்து இயக்கியவர் சங்கர் நாக். 1990-இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது கர்நாடகமே துக்கம் காத்தது. இன்றும் பெங்களூர் ஆட்டோக்களின் பின்புறத்தில் அவர் படம் இருக்கிறது. அந்த ஆட்டோக்களில் தினமும் ஏறி இறங்குகிறோம். நம் பிள்ளைகளுக்கு அந்த முகத்தைக் காட்டி, ‘உங்கள் அப்பா அம்மா சின்ன வயதில் பார்த்த சுவாமியின் கதையை எடுத்தவர் இவர்தான்’ என்று சொல்லியிருக்கலாம்.

சில சமயம் கதையே ஒன்றாக இருந்தது. மராத்தியில் வந்த ‘துலா பஹாதே ரே’ 2019-இல் கன்னடத்தில் ‘ஜொதெ ஜொதெயலி’ ஆயிற்று. 2020-இல் தமிழில் ‘நீதானே எந்தன் பொன்வசந்தம்’ ஆயிற்று. வயதில் மிக மூத்த தொழிலதிபருக்கும் எளிய குடும்பத்து இளம் பெண்ணுக்கும் இடையே காதல். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கேள்வி: இவ்வளவு வயது வித்தியாசத்தை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டு அஜ்ஜிக்கு ஒரு கருத்து இருந்தது, நம் வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கருத்து இருந்தது. இருவரும் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் கொடுத்து வாங்கிக்கொண்டவர்கள். இந்த ஒன்றை மட்டும் பேசிக்கொள்ளவில்லை. 2022-இல் ‘ஜொதெ ஜொதெயலி’யின் நாயகன் அனிருத் தொடரிலிருந்து விலக்கப்பட்டபோது கன்னட ரசிகர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 8 அன்று ‘எதிர்நீச்சல்’ மாரிமுத்து காலமானார். அவர் நடித்த ஆதி குணசேகரனாக வேறொருவரை ஏற்க முடியுமா என்று நாம் தவித்தோம். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். 2024 முடியும் தறுவாயில் ‘புட்டக்கன மக்களு’ கன்னடத் தொடரில் புட்டக்காவின் மகள் ஸ்நேகா இறந்துபோவதாகக் கதை திரும்பியபோது கன்னட வீடுகள் மறுபடி கோபப்பட்டன. ஒரு பாத்திரம் யாருக்குச் சொந்தம்? நடிப்பவருக்கா, எழுதுகிறவருக்கா, தினமும் பார்த்து வளர்த்த நமக்கா? இரண்டு மொழிக்காரர்களும் ஒரே நகரத்தில், ஒரே கட்டடத்தில், ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் சில உண்டு. கன்னடம் புரியவில்லை என்போம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. கே.ஆர்.மார்க்கெட்டில் பேரம் பேசவும், பி.எம்.டி.சி. நடத்துநரிடம் சில்லறை கேட்கவும், வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுக்கவும் நமக்குக் கன்னடம் வருகிறது. காரியம் முடித்துக்கொள்ளும் கன்னடத்தோடு நின்றுவிட்டோம் என்பதே உண்மை. அந்த மொழியில் ஒரு தாய் மகளை எப்படிக் கொஞ்சுகிறாள், அண்ணன் தம்பி எப்படிச் சண்டையிட்டு எப்படிச் சமாதானமாகிறார்கள், சாவு வீட்டில் என்ன சொல்லி அழுகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. வீட்டுப் பேச்சை அப்படியே கொண்டுவரும் தொடர்கள், செலவில்லாமல் நம் கூடத்துக்கே வந்து அதைச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

கன்னடர்கள் நம் தொடர்களைத்தான் திருப்பி எடுக்கிறார்கள் என்பது இன்னொரு சமாதானம். ‘எதிர்நீச்சல்’ கன்னட உதயா டிவியில் ‘ஜனனி’ ஆனது உண்மைதான். கதைகள் எல்லா மொழிகளுக்கும் போய்வருகின்றன. மேலே சொன்ன மராத்திக் கதையை நாமும்தான் எடுத்துக்கொண்டோம். கன்னடத்தில் மொழிமாற்றுத் தொடர்களுக்குப் பல பத்தாண்டுகள் எதிர்ப்பு இருந்தது. 2012-இல் ஆமிர் கானின் ‘சத்யமேவ ஜயதே’கூடக் கன்னடத்தில் குரல் மாற்றி வர முடியவில்லை. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் அந்தத் தடைப்போக்குக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகுதான் வழி திறந்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதனால் கன்னடத் தொலைக்காட்சி தன் கதைகளைத் தன் எழுத்தாளர்களையும் நடிகர்களையும் கொண்டே செய்ய வேண்டியிருந்தது. அந்த உழைப்பைக் கவனிக்காமலே ‘காப்பி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் கனமானது. காவிரிக் கலவரங்களின் நினைவு நமக்கு உண்டு. 1991 டிசம்பரில் பயந்து ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன, கேபிளில் தமிழ்ச் சேனல்கள் நிறுத்தப்பட்டன. அந்தப் பயத்தையும் வலியையும் யாரும் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மாலைகளில் அதே பெட்டியில் கன்னடச் சேனல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நம் தொடர் வரவில்லையே என்று புலம்பினோம். கலவரத்தில் எந்தப் பங்கும் இல்லாத எதிர்வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதும் எட்டிப் பார்க்கவில்லை. பகையை மூட்டுகிறவர்களுக்கு மிகவும் வசதியானது, ஒருவர் கதை இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதுதான். அந்த வசதியை நாமும் சேர்ந்தே செய்துகொடுத்திருக்கிறோம்.

2009 ஆகஸ்டில், பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்று நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். அரசுகள் தங்கள் பங்கைச் செய்தன. வீட்டுக்கு வீடு நடந்திருக்க வேண்டிய பரிமாற்றத்தை எந்த அரசும் செய்து தர முடியாது, அது நம் பங்கு. அதை நாம் செய்யவில்லை.

கன்னட வீடுகளிலும் நம்மைப் போலவே தங்கள் மொழிக்குள் அடைந்துகொண்டவர்கள் இருப்பார்கள். அதை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். பழைய பெங்களூர்க்காரர்களில் தமிழ்ப் படமும் தமிழ்த் தொடரும் பார்த்தவர்கள் நிறையப் பேர் என்பதையாவது நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ‘அபிக்கு என்ன ஆச்சு?’ என்று நம்மிடம் தமிழில் கேட்ட பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள் இருந்தார்கள். நாம் உற்சாகமாக முழுக் கதையும் சொன்னோம். பதிலுக்கு, ‘உங்கள் தொடரில் என்ன ஆயிற்று?’ என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

இனிச் செய்யக் கூடியவை எளியவை. பள்ளியில் கன்னடம் படிக்கும் நம் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து ஒரு கன்னடத் தொடரைப் பார்க்கலாம். புரியாத இடத்தை அவர்கள் சொல்வார்கள், அவர்களுடைய கன்னடத்துக்கும் வீட்டில் ஒரு மரியாதை வரும். தொடர்கள் நல்லதா கெட்டதா என்று நாம் நடத்தும் பட்டிமன்றங்களுக்கு ஒரு கன்னடத் தொடர் இயக்குநரையோ எழுத்தாளரையோ அழைக்கலாம். சீதாராமின் தொடர்களையும் காசரவள்ளியின் நஞ்சம்மாவையும் பற்றி நம் பத்திரிகைகளில் தமிழில் விரிவாக எழுதலாம். ‘புட்டக்கன மக்களு’வில் உமாஸ்ரீ நடித்த புட்டக்கா, பெண் பிள்ளைகளாகப் பெற்றாள் என்று கணவனால் கைவிடப்பட்டு, மெஸ் நடத்தி மூன்று மகள்களை ஆளாக்குகிறவள். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தை மறக்காத நமக்கு அவளோடு பேச நிறைய இருக்கிறது.

பேசத் தெரியாதவர்கள் அல்ல நாம். பாத்திரங்களைப் பிரித்து மேய்ந்து, நியாயம் அநியாயம் அலசி, முப்பது ஆண்டுகள் பயிற்சி எடுத்தவர்கள். அந்தத் திறமையை நமக்கு இடம் கொடுத்த ஊரின் கதைகளுக்கும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இவ்வளவு காலம் கொடுக்காதது பெருந்தவறு. இன்று மாலையே பக்கத்து வீட்டில் போய்க் கேட்டால் அவர்கள் கதை சொல்வார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.