குன்னத்து 'முட்டை'யும் நமது அவசரமும்

2020 ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் மண் தோண்டியவிடத்து உருண்டைக் கற்கள் சில வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது' என்னும் செய்தி படங்களுடன் பறந்தது. நம் இல்லத்தாரும் உறவினரும் அதனைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தனர். அனுப்பியவருள் ஒருவரேனும், 'சொன்னவர் யார்? ஆராய்ந்தவர் யார்?' என்று வினவியதாக நாம் அறியோம்.

நிலவியல் அறிந்தோர் பார்த்தனர், முட்டைகளல்ல என்றனர். கடலடிச் சேற்றில் புதைந்த சிப்பியையோ, சுருளோடு கொண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரையோ நடுவாகக் கொண்டு, சுண்ணம் சுற்றிலும் படிந்து இறுகினால் இத்தகைய கல்லுருண்டை உருவாகும். மெய்யான முட்டையாயின், அதன் ஓட்டில் நுண்துளைகளும் அதற்கே உரிய அமைப்பும் உருப்பெருக்கியில் தெரியவேண்டும். மத்தியப் பிரதேசத்து நர்மதைப் பள்ளத்தாக்கில் கண்டெடுத்த 256 முட்டைகளைப் பற்றி 2023 இல் வெளியான ஆய்வு, இவ்வாறெல்லாம் சோதித்த பின்னரே பேசிற்று. உருண்டையாயிருப்பது ஒன்றே முட்டைக்குச் சான்றாகிவிடாது.

மறுப்பைக் கேட்டவர்களோ, 'வெறும் கல்தானா!' என்று உதட்டைப் பிதுக்கினர். இது முன்னதினும் பெரிய பிழை. அக்கல், அரியலூரும் பெரம்பலூரும் ஒரு காலத்தில் கடலாயிருந்தன என்பதற்குச் சாட்சி. காரையில் இன்றும் தரையிலேயே கடலுயிர்ச் சின்னங்கள் கிடக்கின்றன. சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த அடிமரம் 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் அக்கடலின் சிப்பிகளால் ஆனது. அது சிமெண்டாகி நம் வீட்டுச் சுவர்களிலும் நிற்கிறது. 'இம்மண்ணில் டைனோசரே இல்லை' என்று சாதிப்போரும் தவறுகின்றனர்; அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் அவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அல்பிரூனி, கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட சிப்பிகளைக் கொண்டு அரபுப் பாலை ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்று முடிவு கண்டார். அவர் 'வெறும் சிப்பி' என்று எறிந்துவிடவில்லை.

'வேடிக்கைச் செய்திதானே, பொய்யாயினும் யாருக்கு நட்டம்?' என்று கேட்பார் உளர். அவர்களுக்கு அதே ஆண்டின் ஏப்ரல் திங்களை நினைவூட்டுகிறோம். கொரோனாவை முஸ்லிம்கள் வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்னும் பொய் அன்று கைப்பேசிதோறும் பரவிற்று. பழைய படங்கள் புதியவை போல் உலவின. காய்கறி வண்டி தள்ளும் ஏழை முஸ்லிமையும் ஐயக் கண் கொண்டு பார்த்தனர். 'விசாரியாமல் அனுப்புகிறார்களே' என்று நாம் நெஞ்சு நொந்தோம். ஆறே திங்கள் கழித்து, விசாரியாமல் அனுப்பியவர்கள் நாம்! முட்டைச் செய்தி எவரையும் காயப்படுத்தவில்லை என்பது மெய். ஆயினும் இரண்டையும் அனுப்பிய பழக்கம் ஒன்றே. சிறு பொய்யில் பழகிய விரல் பெரும் பொய்யில் தயங்குமா?

மத்ரஸாவில் ஹதீஸ் கலையைத் தொடங்குகையிலேயே ஸனது பற்றிய பாடம் வந்துவிடுகிறது. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று கண்ணி கண்ணியாகச் சோதித்தவர்கள் நம் முன்னோர். ஒரு கண்ணி அறுந்திருப்பினும் அவர்கள் தயங்கினார்கள். அவர்தம் வழிவந்தோர் என்று பெருமை பேசும் நாம், அனுப்பியவர் மாமா என்பதையே போதிய ஸனதாகக் கொள்கிறோம்.

பெற்றோர்களே! அடுத்த முறை விந்தைச் செய்தி வருகையில், அனுப்புமுன் பிள்ளைகளின் எதிரிலேயே, 'இதைக் கண்டவர் யார்?' என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடில் அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். நம்மைப் பற்றிய பொய் வரும் நாளில் பிறர் அவ்வாறு கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை, அப்போதுதான் நமக்கு உண்டாகும்.