தாடிக்குள்ளே யாரு?

சித்திரக்குள்ளர்கள்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? கையில கோடாரி, குடம் குடமா பீர், இடுப்பு வரைக்கும் தாடி... கரெக்ட்டா? அந்தத் தாடியைத்தான் இந்த வாரம் கொஞ்சம் பிடிச்சு இழுக்கப் போறோம்.

1937-ல் ரெண்டு கோஷ்டி களத்துல இறங்குச்சு. செப்டம்பர்ல டோல்கீனோட 'தி ஹாபிட்' நாவல். டிசம்பர்ல டிஸ்னியோட 'ஸ்நோ ஒயிட்' படம். டிஸ்னி ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் குணமே பேரு. ஒருத்தர் தூங்குமூஞ்சி, ஒருத்தர் சிடுமூஞ்சி, இன்னொருத்தருக்கு எந்நேரமும் தும்மல். டோல்கீனோட 13 பேரோ, டிராகன்கிட்ட பறிகொடுத்த மலையை மீட்கக் கிளம்பினவங்க. சொந்த மண்ணை இழந்த ஜனம். உயரம் ஒண்ணுதான், வெயிட் வேற!

சரி, இந்தக் கூட்டத்துல பொண்ணுங்க எங்கேப்பா? டிஸ்னி அதைக் கண்டுக்கவே இல்லை. டோல்கீன் 1955-ல் 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' பின்னிணைப்புல பதில் சொன்னார்: குள்ளர் இனத்துல பெண்கள் மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்க மாட்டாங்க, குரல்லயும் தோற்றத்துலயும் ஆண்கள் மாதிரியே இருப்பாங்க, வெளியாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. 2002-ல் வந்த 'தி டூ டவர்ஸ்' படத்துல இது வெறும் தாடி ஜோக்கா முடிஞ்சு போச்சு.

அந்த ஜோக்கை சீரியஸா எடுத்துக்கிட்டவர், காமெடி எழுத்தாளரான டெர்ரி ப்ராட்செட்! அவரோட டிஸ்க்வேர்ல்டுல குள்ளர்கள் எல்லாருக்கும் தாடி, எல்லாருமே 'அவன்'. காதலிக்கிற ரெண்டு பேருக்கே, எதிர்ல இருக்கறது ஆணா பெண்ணான்னு நாசூக்கா கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. 1996-ல் வந்த 'ஃபீட் ஆஃப் க்ளே'யில செரின்னு ஒரு கேரக்டர். நகரக் காவல்படையில தடயம் ஆராயற வேலை. ஒருநாள் தோடு, லிப்ஸ்டிக், அப்புறம் பாவாடைன்னு வர ஆரம்பிக்குது... ஸாரி, ஆரம்பிக்கிறா. தாடியை மட்டும் தொடமாட்டா. அவளும் குள்ளர்தானே!

இங்கதான் மேட்டரே இருக்கு. மற்ற கதைகள்ல பொண்ணுங்களுக்கு இந்த வேலை கூடாது, அந்த வேலை கூடாதும்பாங்க. இங்கே சுரங்கம், சுத்தியல், கோடாரி எல்லாத்துக்கும் அனுமதி உண்டு. பொண்ணுன்னு காட்டிக்க மட்டும் கூடாது! சமத்துவம் மாதிரியே தெரியற இந்த விதி எவ்வளவு இறுக்கமானதுன்னு ஒரு லிப்ஸ்டிக் காட்டிக்கொடுத்துடுது. பெரிசுங்க கொதிக்கிறாங்க. ஆனா அடுத்தடுத்த நாவல்கள்ல மற்ற பெண்களும் மெல்ல வெளியே வர்றாங்க. 2013-ல் 'ரைசிங் ஸ்டீம்'ல (ஸஸ்பென்ஸ் வேணும்னா அடுத்த வரியைத் தாண்டிடுங்க) குள்ளர்களோட ராஜாவே, 'நான் ராணி'ன்னு ஊரறியச் சொல்லிடறாங்க.

2022-ல் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர்ல டீசாவுக்கு ஏன் தாடி இல்லைன்னு ரசிகர்கள் பொங்கினதைப் பார்த்தப்போ, செரி ஞாபகம்தான் வந்துச்சு. தாடி வெச்சுக்கிட்டே பெண்ணா இருக்க அவ பட்ட பாடு!

டிஸ்க்வேர்ல்டுல மொத்தம் 41 நாவல், 'ஃபீட் ஆஃப் க்ளே' 19-வது. முதல் பதினெட்டையும் முடிச்சாகணுமான்னு மலைக்காதீங்க பாஸ், நேரா இதுலேயே குதிக்கலாம்.