வாக்குத்தத்த அட்டையும் ஆனதோத் நிலமும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் தேவாலயங்கள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டைகள் வழங்கப்படுகின்றன. கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம். அதில் அச்சிட்டுள்ள வசனமே அவ்வாண்டுக்குக் கடவுள் நமக்குத் தந்த வாக்கு என்று நம்பி வீடு திரும்புகிறோம். அவ்வட்டைகளுக்கு மிகவும் உகந்த வசனங்களுள் ஒன்று எரேமியா 29:11. கடவுள் நமக்குத் தீங்கையல்ல, நல்வாழ்வையே எண்ணியிருக்கிறார் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய 10ஆம் வசனத்தை எந்த அட்டையிலும் நாம் கண்டதில்லை. பாபிலோனில் 70 ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிறைவேறும் என்கிறது அது.

கி.மு. 597இல் சிறைப்பட்டுச் சென்றவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் இது. அதைப் படிக்கக் கேட்ட வயதுவந்தோரில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே மடிய வேண்டியவர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள் என்று அவர்களுக்குத்தான் எரேமியா எழுதினார். விரைவில் கிட்டும் வெற்றிக்கு உறுதி சொன்னவர் வேறொருவர். அனனியா என்னும் அத்தீர்க்கன், எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தெறிந்து, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வரும் என்றான். அவன் சொல் பொய்த்தது. இன்று நம் மேடைகளில் விற்பனையாவது அனனியாவின் சரக்கு. அதன் மேல் ஒட்டியிருப்பது எரேமியாவின் பெயர்.

வாக்கை நம்பிக் காத்திருப்பது செயலற்றோரின் ஆறுதல் என்று எள்ளும் இலக்கிய நண்பர்களும் நம்மிடையே உண்டு. அவர்களது எள்ளல் அட்டைக்குப் பொருந்தும்; ஆனதோத்துக்குப் பொருந்தாது.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த காலம். நகரம் வீழும் என்று உரைத்த குற்றத்திற்காக எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பெரியப்பா மகன் அனாமெயேல் அங்கே வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். அந்த ஊரோ நகரத்துக்கு வெளியே, பகைவரின் பிடிக்குள் சிக்கிய நாட்டுப்புறத்தில் இருக்கிறது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சேக்கல் அப்போது நாணயமன்று, எடை. மொத்தம் 200 கிராமுக்குச் சற்றுக் குறையலாம். சாட்சிகள் கையெழுத்திடுகின்றனர். முத்திரையிட்ட கிரயப்பத்திரம் ஒன்று, திறந்த படி ஒன்று. நெடுநாள் கெடாதிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் சொல்கிறார். இந்நிலத்தில் வீடுகளும் வயல்களும் மீண்டும் விலைக்கு வாங்கப்படும் என்னும் வாக்கை நம்பி, ஒரு சட்டச் சடங்கும் குறையாமல் கைப்பொருளைச் செலவிட்ட செயல் இது. இதையா செயலின்மை என்பது?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பத்திரம் எழுதி முடித்த பிறகே எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபம் திகைப்பில் முடிகிறது. முற்றுகை மேடுகள் நகரத்தை நெருங்கிவிட்ட வேளையில் நிலம் வாங்கச் சொல்கிறீரே என்கிறார். ஐயம் தீர்ந்த பின் அவர் பணம் கொடுக்கவில்லை, ஐயத்தோடுதான் கொடுத்தார். ஐயமே கூடாது, கூடினால் வாக்கு பலிக்காது என்று நோயாளிகளையும் கடனாளிகளையும் அச்சுறுத்தும் போதகர்கள் இவ்வதிகாரத்தை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தல் நலம்.

எரேமியா அந்நிலத்தில் ஏர் பூட்டியதாகக் குறிப்பேதும் இல்லை. நகரம் வீழ்ந்த பின் அவரை எகிப்துக்கு இழுத்துச் சென்றார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது. கி.மு. 539இல் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின் யூதேயாவுக்குத் திரும்பியோரின் பட்டியலை எஸ்றா நூல் தருகிறது. அதன் இரண்டாம் அதிகாரத்தில், அலங்காரமேதுமின்றி, ஒரு வரி: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். வாக்கு நிறைவேறியது, வாங்கியவர் அதைக் காணவில்லை.

வருகிற டிசம்பரில் 11ஆம் வசனத்தை அச்சிடுவோர் 10ஆம் வசனத்தையும் சேர்த்தே அச்சிடட்டும். அதன் பிறகும் அந்த அட்டையை விரும்பி எடுப்பவர் எத்தனை பேர் என்று பார்ப்போம். அவர்களையே நாம் விசுவாசிகள் என்போம்.