மொட்டை மாடி ஆன்டெனாவும் பால்வீதியும்

முலுண்டின் பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 1972இல் மும்பைக்கு தூர்தர்ஷன் வந்தபின் மாடிக்கு மாடி முளைத்த ஆன்டெனாக்களின் குழாய்கள் எல்லாம் படுக்கைவாக்கில்தான் இருந்தன. மழைக்காற்றில் ஆன்டெனா சாய்ந்து குழாய்கள் செங்குத்தாகிவிட்டால் படம் மங்கிவிடும். வொர்லியிலிருந்து வந்த அலை படுக்கைவாக்கில் அதிர்ந்ததே காரணம். அலை இப்படி ஒரே தளத்தில் அதிர்வதற்குத் தளவிளைவு என்று பெயர்.

பால்வீதியும் ஓர் ஒலிபரப்பு நிலையம்தான். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. அலை அதிர்வது காந்தப்புலத்துக்குக் குறுக்காக. எனவே அதிர்வின் திசையை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலத்தின் போக்கு புலப்படும். 1962இல் நெதர்லாந்து, இங்கிலாந்து விஞ்ஞானிகள் பால்வீதியின் இந்த அலைகளை இனம் கண்டார்கள்.

ஆனால் வழியில் ஒரு வில்லங்கம். விண்வெளியின் மின்னூட்ட வாயுவும் காந்தப்புலமும் சேர்ந்து அலையின் தளத்தைத் திருகிவிடுகின்றன. அலைநீளம் இரட்டித்தால் திருகல் நான்கு மடங்கு. பல அலைநீளங்களில் அளந்துதான் இந்த முறுக்கை அவிழ்க்க முடியும்.

இந்தத் துறையில் ஒரு சென்னைக்காரருக்குத் தனி இடம் உண்டு. சர் சி.வி.ராமனின் மகன், தண்டையார்பேட்டையில் 1929இல் பிறந்த வி.ராதாகிருஷ்ணன். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி மூலம் 1969இல் வேலா பல்சாரின் தளவிளைவு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்புவதை அளந்து, விண்மீனின் காந்த துருவம் நம்மைக் கடந்து சுழல்கிறது என்று விளக்கினார். அதே 64 மீட்டர் தட்டுதான் பின்னாளில் தென்வானம் முழுவதையும் 13 செ.மீ. அலைநீளத்தில் படமெடுத்தது. பால்வீதியின் மையத்திலிருந்து மேலும் கீழுமாக சுமார் 50,000 ஒளி ஆண்டு நீளத்துக்குக் காந்தப்புலத்தோடு வாயு பீறிடுவது 2013இல் தெரியவந்தது.

இந்தப் படம் வெறும் அழகுக்கல்ல. 2014இல் தென்துருவ ஆய்வுக் குழு ஒன்று, பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பு அலைச் சுவடு கிடைத்ததாக அறிவித்தது. மறு ஆண்டே அது ஆட்டம் கண்டது. சிக்கியது பெரும்பாலும் பால்வீதியின் தூசி உமிழ்ந்த, தளவிளைவுற்ற அலை! தூசி ஒரு திரை என்றால், எலக்ட்ரான்களின் ரேடியோ அலை இன்னொரு திரை. இரண்டையும் துல்லியமாகக் கழிக்காமல் ஆதி சுவடு கிடைக்காது.

இந்தியா இதில் நுழைந்த வாசல் முலுண்டுக்கு அருகில்தான். லோக்கல் ரயிலில் அரை மணி தூரத்திலுள்ள கல்யாணில், ஆஸ்திரேலியா அளித்த 32 ஆறடித் தட்டுகளை 1965இல் நிறுவி, கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் சூரியனை ஆராய்ந்தார்கள். அடுத்து 1970இல் வந்த ஊட்டி தொலைநோக்கி, மாடி ஆன்டெனா மாதிரி, ஒரே திசை அதிர்வை மட்டும் வாங்கும். புனேக்கு வடக்கே கோடாட் பகுதியிலுள்ள முப்பது ராட்சத தட்டுகளோ இரண்டு திசைகளையும் பிடிக்கும். திரையை அளக்க அந்த இரண்டும் வேண்டும்.