மூச்சுப்பை நிறைந்திருந்தால் போதுமா?

இயந்திரம் எவ்வளவு எளியதோ அவ்வளவு பாதுகாப்பானது என்றொரு நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. மின்னணுச் சில்லு இல்லை, பேட்டரி இல்லை, ஆகவே கெட்டுப்போகவும் அதில் ஏதுமில்லை என்பது வாதம். முக்குளிப்போர் அரைமூடிய ரீப்ரீதரைப் புகழும்போது சொல்வதும் இதைத்தான். நானும் நெடுங்காலம் அப்படியே சொல்லித் திரிந்தவன். இன்று அதை ஏற்க மறுக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

சாதாரணச் சிலிண்டரோடு நீரில் இறங்குபவரின் ஒவ்வொரு மூச்சும் குமிழிகளாக மேலேறி வீணாகிறது. விட்ட மூச்சையே சுத்திகரித்து மீண்டும் இழுப்பது ரீப்ரீதர், அதாவது மறுசுவாசக் கருவி. 1878இல் ஹென்றி ஃப்ளூஸ் உருவாக்கிய கருவியில் காரத்தில் தோய்த்த கயிற்று நார் கரியமில வாயுவை உறிஞ்சியது. நிரப்பியது தூய ஆக்ஸிஜன். ஆழத்தில் தூய ஆக்ஸிஜனே வலிப்பைத் தரும் நஞ்சாகிவிடுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. அரைமூடிய கருவி ஒரு சமரசம். ஆக்ஸிஜன் செறிந்த கலவை ஒரு நுண்துளை வழியே இடைவிடாமல் மூச்சுப்பைக்குள் கசிந்துகொண்டிருக்கும். மிகுதி ஒரு வால்வு வழியாக வெளியேறிவிடும். 1990களில் டிரேகர் நிறுவனம் பொழுதுபோக்கு முக்குளிப்போருக்கு விற்ற டால்ஃபின் இவ்வகையே.

அந்த நுண்துளையில்தான் விஷயம் இருக்கிறது. பாதி ஆக்ஸிஜன் கொண்ட கலவைக்கு நிமிடத்துக்கு சுமார் 7.2 லிட்டர் பாய வேண்டும். பல மாதங்கள் பெட்டியில் கிடந்த என் கருவியைச் சென்ற முறை எடுத்தபோது, ஓட்டமானியை வைத்துப் பார்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். (வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அதற்கு முந்தைய இருமுறை பார்க்கவில்லை.) மானி காட்டியது 5. உப்போ, பித்தளைத் துருவோ, துளையின் ஓரத்தில் ஏதோ ஒரு துகள்.

5 லிட்டர் என்றால் என்ன நேர்ந்திருக்கும்? அலையை எதிர்த்து வேகமாக நீந்துபவர் நிமிடத்துக்கு 2.2 லிட்டர் ஆக்ஸிஜனை எரிப்பதாகக் கொள்வோம். சரியான ஓட்டத்தில் பையில் 28 விழுக்காடு ஆக்ஸிஜன் நிலைத்திருக்கும். 5 லிட்டர் ஓட்டத்தில் அது 11 விழுக்காட்டுக்கு அருகே இறங்கிவிடும். 10 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் இருமடங்கு என்பதால் அந்த 11கூட நாம் தரையில் சுவாசிக்கும் காற்றுக்கு இணையாகவே உடலுக்குப் படும். வேலையைத் தளர்த்தாமல் அப்படியே மேலேறினால், நீர்மட்டத்தை நெருங்க நெருங்க அது பாதியாகி, நினைவு தப்பும்.

இதில் என்னை அச்சுறுத்துவது வேறொன்று. பை சுருங்குவதில்லை. 5 லிட்டர் உள்ளே வர, 2.2 லிட்டர் செலவாக, மீதம் வழக்கம்போல் குமிழியிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும். இழுக்கும் மூச்சில் எந்தத் தடையும் இராது. மூச்சுத்திணறல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதையே. ஆக்ஸிஜன் குறைவதை அல்ல. கரியமிலத்தைச் சுண்ணாம்புச் சரளை ஒழுங்காக உறிஞ்சிக்கொண்டிருப்பதால் உடலுக்குப் புகார் எதுவும் இல்லை. கருவியின் ஒரு பாகம் செவ்வனே இயங்குவதே இன்னொரு பாகத்தின் பழுதை மறைத்துவிடுகிறது.

சரளையின் பக்கமும் ஏமாற்றுகள் உண்டு, எனினும் அவை சற்றே நேர்மையானவை. தட்டித் தட்டி நிரப்பாவிட்டால் இடையில் வழி பிளந்து மூச்சு சுத்திகரிக்கப்படாமல் கடந்துவிடும். தலைவலியும் இரைப்பும் எச்சரிக்கும். நீர் புகுந்தால் காரக் கரைசலாகி வாயைச் சுடும். நிறம் மாறும் சரளையை மட்டும் நம்பக்கூடாது. தீர்ந்துபோன சரளை சில மணி நேரம் ஓய்ந்திருந்தால் பழைய வெண்மைக்கே திரும்பக்கூடும். எத்தனை நிமிடம் பயன்படுத்தினோம் என்று எழுதிவைப்பதே உறுதி. குழாய்களைக் கழுவிக் கிருமிநீக்கி உலர்த்துவது, ஒருவழி வால்வின் ரப்பர் இதழ்களை ஊதிப்பார்ப்பது, அழுத்தியும் உறிஞ்சியும் கசிவு சோதிப்பது எல்லாம் அலுப்பூட்டும் வேலைகள். செய்யத்தான் வேண்டும்.

ஆக்ஸிஜன் அளவி இல்லாமலேயே இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது இக்கருவி. அதையே அதன் அழகென்று கொண்டாடுகிறார்கள். அளவியும் பொய் சொல்லும், அதன் உணரி மூப்படையும், ஈரத்தில் மயங்கும் என்பது அவர்களது மறுப்பு. உண்மைதான். ஆனால் காற்றிலும் தூய ஆக்ஸிஜனிலும் வைத்து அதைச் சரிபார்க்க இயலும். என் நுரையீரலைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. எளிமையைக் காரணம் காட்டி அளவியை மறுப்பவருடன் நான் இனி நீரில் இறங்குவதாக இல்லை. அவர்களில் சிலர் என் நெடுநாள் நண்பர்கள் என்பதால் இதை எழுதுவது எளிதாக இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. கரையில் கண்டுபிடித்த பழுதைப் பற்றி நாங்கள் யாரும் மூச்சு விடுவதில்லை. விபத்தைப் பேசுவோம், தப்பியதைப் பேசமாட்டோம், அசட்டை வெளிப்பட்டுவிடும் என்று. அந்த 5 என்ற எண்ணை, தவறவிட்ட இரு சோதனைகளின் தேதிகளோடு, என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை உடன் இறங்குபவர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுவேன். துளையை மாற்றியாகிவிட்டது, நேற்று மானி 7.2 காட்டியது.