புகைபோக்கி அடுப்பு: முதலில் பானையை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: எங்கள் சமையலறையில் திறந்த மண் அடுப்புதான். கேஸ் இருக்கிறது. ஆனால், சிலிண்டர் கட்டுப்படியாகாததால் டீ போட மட்டும் பயன்படுத்துகிறோம். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் தோட்டத்து விறகில்தான். என் மகள் தை மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டலாம் என்கிறேன். 'ஊரில் கட்டினதை எல்லாம் இடிச்சாச்சு' என்கிறார் மாமியார். கட்டலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம் பக்கம்

பதில்: கட்டுங்கள். ஆனால், உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். மத்திய அரசு 1983-ல் தொடங்கி 2002-ல் நிறுத்திய திட்டத்தில், நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் புகையில்லா அடுப்புகள் கட்டப்பட்டன. பல வீடுகளில் சில வருஷங்களிலேயே அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஏன் என்று எனக்கு வீட்டிலேயே பாடம் கிடைத்தது. பல வருஷங்களுக்கு முன் நானே நின்று கொத்தனாரை வைத்து ஒன்று கட்டினேன். குழியின் அளவை என் கண் மதிப்பில் சொன்னேன். அம்மாவின் சோற்றுப்பானை அதில் உட்காரவில்லை. பானைக்கும் குழிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் புகை முகத்துக்கே வந்தது. இரண்டே மாதத்தில் அம்மா கடப்பாரையை எடுத்துவிட்டார். தப்பு என்னுடையதுதான். சமைக்கிறவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் கொத்தனார் வரும் அன்று, தினமும் பயன்படுத்தும் சோற்றுப்பானையையும் குழம்புச்சட்டியையும் மாமியாரையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஈர மண்ணிலேயே அவற்றை வைத்துத் திருகிக் குழியை எடுக்க வேண்டும். பானை பாதி இறங்கி, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அடுப்பின் உயரத்தையும் அவரே சொல்லட்டும்.

அமைப்பு புதிதல்ல. நம் கொடியடுப்புதான். முன்குழியில் எரியும் தணல் சுரங்கம் வழியாகப் பின்குழிக்குப் போகும். அங்கிருந்து மேலே போகாமல் புகைபோக்கிக்குத் திரும்பும், அவ்வளவுதான். முன்குழியில் விறகுக்குக் கீழே ஓர் இரும்புச் சல்லடை வையுங்கள். சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும், ஊதாங்குழலுக்கு வேலை குறையும். விறகு நுழைக்கும் வாய் சிறியதாக இருக்கட்டும். பெரிதானால் குளிர்காற்று புகுந்து சூட்டைத் தின்றுவிடும். திறந்த அடுப்பில் நூறு பங்கு வெப்பத்தில் பத்துப் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குச் சேர்கிறது. ஒழுங்காகக் கட்டினால் விறகு கணிசமாக மிச்சமாகும்.

புற்றுமண் அல்லது களிமண், மணல், சாணம், கொஞ்சம் உமி சேர்த்துப் பிசைந்து, ஒருநாள் ஊறவைத்துக் கட்டுங்கள். கட்டியபின் நிழலில் இரண்டு வாரமாவது காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் நாளாகும். எனவே, இந்த வாரமே தொடங்குங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் தீ மூட்டினால் வெடித்துவிடும்.

ஒரு பானை மட்டும் ஏற்றும்போது அடுத்த குழியை மூடிவையுங்கள். இல்லாவிட்டால் புகை அதன் வழியாக வரும். மாதம் ஒருமுறை குழாயிலும் சுரங்கத்திலும் படியும் கரியை, நீளக் குச்சியில் பழந்துணி கட்டி இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாத வீடுகளில்தான் அடுப்பு 'புகையும் அடுப்பு' ஆகிறது.

விறகும் முக்கியம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே தீ செலவாகும், புகையும் கூடும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மழை படாமல் ஆறு மாதம் காயவைத்தது நல்லது. பிளாஸ்டிக் பையைப் போட்டு மூட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். விறகுப் புகை பச்சிளம் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டும். சமைக்கிறவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும் கண்புரையும் கொண்டுவரும். புகைபோக்கி இதைக் குறைக்கும், முழுக்கப் போக்காது. அதனால் குளிக்க வைக்கும் வெந்நீருக்கு வெளியே தனி அடுப்பு போடுங்கள். தாயும் பிள்ளையும் சமையலறைக்கு அடுத்த அறையில் படுக்க வேண்டாம். குளித்தபின் போடும் சாம்பிராணியும் புகைதான், அதையும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் மட்டுமாவது கேஸைக் கூடுதலாகப் பயன்படுத்த முடிந்தால் நல்லது.

கூரை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஓடு என்றால் குழாயைக் கூரைக்கு மேல் இரண்டு அடி உயர்த்துங்கள். ஓலைக் கூரை என்றால் அதன் வழியாகக் குழாய் விட வேண்டாம், பொறி பட்டால் வீடே போய்விடும். சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், ஓலையிலிருந்து தள்ளி உயர்த்தி, வாயில் தகரத் தொப்பி போடுங்கள். பிவிசி குழாய் உருகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சுட்டமண் குழாய் அல்லது 4 அங்குலத் தகரக் குழாய் போதும்.