ரத்தம் நின்றால் நோயும் நின்றதா?

சிறுநீரில் ரத்தம் கண்டால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் முதலில் சொல்லும் காரணம் உஷ்ணம். சித்திரை வெயிலில் கரும்பு வெட்டி வந்தவருக்கு இளநீரும் நீர்மோரும் கொடுப்பார்கள். இரண்டே நாளில் ரத்தம் நின்றுவிடும். இளநீர் பலித்தது என்று வீடே நம்பும். ஆனால் மூத்திரப்பைப் புற்றுநோயின் சுபாவமே அதுதான். வலியின்றி ரத்தம் காட்டும், தானே நிற்கும், சில மாதம் கழித்து மறுபடி காட்டும்.

நோய் தெரியவரும்போது நான்கு பேரில் மூவருக்கு அது தசைக்குள் இறங்கியிருப்பதில்லை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சில நாளில் வீடு திரும்பலாம்.

சங்கடம் அதற்குப் பிறகுதான். 2006-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சிக் கணக்கின்படி, 5 வருஷத்துக்குள் கட்டி மறுபடி முளைப்பது மிக லேசான வகையில் 100-க்கு 31 பேருக்கு. மிகக் கடுமையான வகையில் 78 பேருக்கு. ஆழமாக இறங்கும் அபாயமோ லேசான வகையில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. கடுமையான வகையில் 45 பேர்! குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடும் பி.சி.ஜி. மருந்தையே பைக்குள் செலுத்தி, கட்டி திரும்ப வருவதைக் குறைக்கலாம் என்று கனடாவில் டாக்டர் மொரேல்ஸ் 1976-இல் காட்டினார். ஆனாலும் மூன்றாம் மாதம் கருவி விட்டுப் பார்ப்பதும், பின்னர் வருஷக்கணக்கில் பார்த்து வருவதும் தவிர்க்க முடியாதவை.

வராதவரை அசட்டைக்காரர் என்று ஏசுவது சுலபம். திண்டிவனத்திலிருந்து புதுவை ஜிப்மருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கூடத் துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். உடம்பிலோ ஒரு வலியும் இல்லை. யார்தான் கிளம்புவார்?

ஆகவே நோயாளியை ஆஸ்பத்திரிதான் தேட வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்த ஊழியரின் நோட்டில் இவர் பெயரும் அடுத்த சோதனைத் தேதியும் ஏறினால் என்ன? திண்டிவனம் சாலையில், முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரு ஊர்க்காரர்களுக்கும் பொதுவான பதிவேட்டை அங்கே வைக்கலாம். கையில் கொடுக்கும் சீட்டில் தேதியைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதட்டும்.

பீடியையும் அந்த ஊழியரே விசாரிக்கட்டும். புகையின் விஷம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில் மணிக்கணக்கில் தேங்கி நிற்பது இந்தப் பையில்தானே!